மாதுங்கா மாமியின் ஏஞ்சல் மீன்கள்

மீன்தொட்டி பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் பையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. தண்ணீரின் புளிப்பைப் பார்க்க ஒரு காகிதம், உப்பைப் பார்க்க ஒரு கருவி, குளோரினை முறிக்க ஒரு சொட்டு மருந்து. அறுபதுகளில் எங்களுக்கு இருந்ததெல்லாம் கண்ணும் மூக்கும் நாக்கும்தான். தொட்டித் தண்ணீரை நக்கிப் பார்த்தே வயிற்றைக் கெடுத்துக்கொண்டவன் நான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வீட்டுத் தொட்டியில் மீன் செத்தால் பாதிக் காரணம் தண்ணீரில் இருக்கும், மீதிக் காரணம் அந்த வீட்டில் இருக்கும். வீட்டைச் சோதிக்கும் காகிதத்தை இன்னும் யாரும் விற்கவில்லை.

இப்போது சொல்லப்போவது நான் ஜெயித்த கதை. தோற்ற கதைகள் வேண்டுமென்றால் என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், ஆசை தீரச் சொல்வார்கள்.

அப்போது நான் தாராவியில் குடியிருந்தேன். கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மீன் கடையில் சில வருடம் தொட்டி கழுவிவிட்டு, இனி வீடு வீடாகப் போய்ச் சொந்தமாகத் தொட்டி பார்க்கிறேன் என்று வீராப்பாக வெளியே வந்திருந்தேன். கடைக்காரர் தடுக்கவில்லை. “வாபஸ் ஆயேகா தூ” என்று மட்டும் சொன்னார். நீ திரும்பி வருவாய் பார் என்று சிரித்துக்கொண்டே சொன்னது இரண்டு மாதம் என் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த முதல் வீடு மாதுங்காவில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீடு நிலைத்தால் மாதுங்கா முழுக்க நான் நுழையலாம். அது போனால் மறுபடியும் கடையில் போய்த் தொட்டி கழுவ வேண்டியதுதான்.

வீட்டுக்காரருக்குக் கோட்டைப் பக்கம் ஆபீஸ் உத்தியோகம். நான் அவரை சார் என்பேன், அவர் மனைவியை மாமி என்பேன். செம்பூரில் தன் மேலதிகாரி வீட்டு ஹாலில் ஏஞ்சல் மீன்கள் நீந்துவதைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். மாமி லேசில் சம்மதிக்கவில்லை. வெங்காயம் நறுக்கவே நாள் பார்க்கிற வீடு அது, அங்கே மீனாவது ஒன்றாவது! கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். நான் தொட்டியை வைத்த அன்றே அதை என்னிடமும் சொன்னார்.

“இதோ பாருப்பா, நீந்தட்டும், அழகா இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்லே. ஆனா இந்தாத்துல ஒரு ஜீவன் சாகப்படாது. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

மீன் சாகவே சாகாது என்று எந்த மடையனும் வாக்குக் கொடுக்க மாட்டான். நான் கொடுத்தேன்.

ஏஞ்சல் மீனைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. பார்க்கத்தான் தேவதை. சாதியில் சிக்லிட் என்கிற சண்டைக்கார மீன், குணத்திலும் சிக்லிட்தான். முட்டையிட்டால் பக்கத்தில் வருகிற எதையும் கொத்தும், தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் துடுப்பைச் சுருட்டிக்கொண்டு மூலையில் போய் நிற்கும். தொட்டியைச் செய்தவர் குர்லாவில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். மேலப்பாளையத்துக்காரர். இரும்புச் சட்டத்தை வெல்டு வைத்து, ஆளிவிதை எண்ணெய் விட்டுத் தானே பிசைந்த பட்டி என்கிற பசையால் கண்ணாடியை ஒட்டுவார். அவர் தொட்டி ஒழுகி நான் பார்த்ததில்லை.

மழைக்காலம் தொடங்கும்வரை எல்லாம் சுகமாகவே போனது. குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் பிடித்து மாற்றினோம், மீன்களும் பொறுத்துக்கொண்டன. மழை வந்ததும் குழாய்த் தண்ணீரில் குளோரின் நெடி மூக்கைத் துளைத்தது. கடையில் எல்லோருக்கும் சொல்லி வந்ததை மாமிக்கும் சொன்னேன். “மாமி, தண்ணிய மொத நாளே புடிச்சு வச்சிருங்க. வச்ச தண்ணிதான் மீனுக்கு ஊத்தணும்.” மாமி மறந்துபோகிறவர் அல்ல. சொன்னபடியே செய்தார். நான் வராத நாட்களில் தண்ணீர் மாற்றுவதும் அவர்தான்.

அதற்குப் பிறகுதான் மீன் சாக ஆரம்பித்தது.

முதலில் ஒன்று. சீக்கு என்று நினைத்தோம். பிறகு இன்னொன்று. தண்ணீர் மாற்றிய மறுநாளெல்லாம் மிச்சமிருந்தவை மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. குளோரின் போய்விட்ட தண்ணீர், அளவான தீனி, கழுவிய மணல். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவது மீனை நான் வலையில் எடுத்தபோது மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இன்னொண்ணு போச்சுன்னா தொட்டி இங்கே இருக்கப்படாது” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அழுதுகொண்டே சொன்னார்.

சாருக்கு உடனே ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். பட்டிதான் விஷத்தைக் கக்குகிறது என்று தீர்மானித்து, குர்லாவுக்கு ஆள் அனுப்பி பாயை வரவழைத்துவிட்டார். நான் போனபோது ஹாலில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

“சார், எம் பட்டில விசம் இருக்குன்னா சொல்லுதீக?” பாய் தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “எத்தன வீட்ல எந்தொட்டி நிக்கி. ஒருத்தர் வாயிலயும் இப்படி ஒரு சொல்லு வந்ததில்ல. அம்மா, ஒரு டம்ளர் தாங்க.”

மாமி புரியாமல் கொண்டுவந்து கொடுத்தார். பாய் அந்த டம்ளரைத் தொட்டிக்குள் விட்டு மொண்டு, மீன் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

“நாளைக்கு நான் மவுத்தாயிட்டா பட்டி மேல பழியப் போடுங்க.”

“யோவ், நீ மனுஷன்யா, மீன் இல்லை!” என்று சார் கத்தினார். மாமி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் பாய்க்குக் காபி இருந்தது. பாய் அதைக் குடித்தார், ஆனால் சமாதானமாகவில்லை. போகும்போது என்னைப் பார்த்த பார்வையில், நீயாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று இருந்தது.

அவர் படியிறங்கியதும் சார் என்னை ஜன்னல் பக்கம் இழுத்தார். “ஏம்ப்பா, பட்டிதான்னு நீயும் சொல்லிடு. வேற எடத்துல புதுத் தொட்டி வாங்கிக்கலாம். மாமி இன்னொரு சான்ஸ் குடுப்பா. ஒன் வேலையும் நிக்கும், என் மானமும் நிக்கும்.”

ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று பேருக்கு நிம்மதி. கெட்டுப்போவது அங்கே இல்லாத ஒரு மனிதரின் பெயர் மட்டும்தான். ஆனால் பட்டியில் கோளாறு என்றால் தொட்டி வந்த புதிதிலேயே தெரிந்திருக்குமே!

“எனக்கு என்னன்னு தெரியல சார். தெரியாம அவரச் சொல்ல மாட்டேன்.”

இந்தத் தொழிலில் வாயில் வருவதற்கு மிகவும் கஷ்டமான சொல் ‘தெரியவில்லை’. அதைச் சொல்லிவிட்டால் வீட்டுக்காரர் முகத்தில் மரியாதை இறங்குவது கண்ணுக்கு முன்னால் தெரியும். சார் முகத்திலும் இறங்கியது. இருந்தாலும் சொல்லிப் பழகுங்கள். தெரிந்த மாதிரி ஒரு காரணம் சொல்லிவிட்டால் அன்றோடு நீங்கள் தேடுவதை நிறுத்திவிடுவீர்கள், மீன் சாவது நிற்காது.

அந்த வாரம் மாமி தாணேக்குப் போனார். அவர் தங்கை மகளுக்குப் பிரசவம். சார் வீட்டைப் பார்த்துக்கொண்டார், தொட்டியையும் பார்த்துக்கொண்டார். வச்ச தண்ணி என்று நான் சொன்னதை அவரும் தவறாமல் செய்தார். மீன்கள் பிழைத்துக்கொண்டன! துடுப்பு விரிந்தது, கோடுகள் பளிச்சென்று வந்தன, தீனிக்கு முட்டி மோதின. சாரைப் பிடிக்க முடியவில்லை. “கைராசின்னு ஒண்ணு இருக்குப்பா” என்று தன் உள்ளங்கையை எனக்கே காட்டினார்.

மாமி திரும்பி வந்தார், தண்ணீர் மாற்றினார். மறுநாள் காலை நான் படியேறும்போதே சாரின் குரல் கேட்டது.

“பார்த்தியா? நான் பார்த்துண்ட வரைக்கும் ஜம்முனு இருந்தது. நீ தொட்டாதான்…”

மிச்சத்தைச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடினார். சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மாமி தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். மீன்கள் எல்லாம் மேலே வந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

“நான் தொட்டாதான் சாகறதாம். எடுத்துண்டு போயிடு. இப்பவே எடுத்துண்டு போ. என் கண்ணு முன்னால இன்னொண்ணு போக வேண்டாம்.”

தொட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் என் கதை அன்றோடு முடிந்தது. ஆனால் அந்த நிமிடம் எனக்குத் தொழில் ஞாபகம் வரவில்லை. சார் சொன்னதில் ஏதோ ஒன்று உண்மை என்பதுதான் மண்டையைக் குடைந்தது. மாமி மாற்றினால் சாகிறது, சார் மாற்றினால் பிழைக்கிறது. ஒரே குழாய், ஒரே தொட்டி. கைராசியை நம்ப நான் தயாராக இல்லை.

“மாமி, சார் எதுல தண்ணி புடிச்சு வச்சாரு?”

“எதுல வெப்பார்? பாத்ரூம் எனாமல் வாளிலதான். குளிக்கற வாளி! வாயில்லா ஜீவனுக்குப் போய்க் குளிக்கற வாளி ஜலமா? வந்ததும் மொதக் காரியமா அதை நிறுத்தினேன். அவர் வெச்ச மிச்சம்கூட அப்படியே கெடக்கு, நான் தொடலை. நான் எப்பவும் நாம குடிக்கற ஜலம்தான் விடறது. நீதானே வெச்ச ஜலம் விடச் சொன்னே?”

குடிக்கிற ஜலம்! நான் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்த செப்பு அண்டா சிவக்கச் சிவக்க மின்னிக்கொண்டிருந்தது. அதற்குள்தான் ராத்திரி முழுக்க என் மீன்களுக்கான தண்ணீர் நின்றிருக்கிறது.

செம்பு தண்ணீரில் கரைந்தால் மீனுக்கு ஆகாது என்று கடையில் காதில் விழுந்ததுண்டு. ஆனால் தாராவியில் எங்கள் வீட்டிலும் செப்புக் குடம்தான், அந்தத் தண்ணீரில் என் மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. பிற்பாடுதான் விளங்கியது. எங்களுடையது சோப்பு நுரைக்காத கிணற்றுத் தண்ணீர். அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து செம்பின் கடுமையைத் தணித்துவிடும். மாதுங்காவுக்கு வருவது ஏரித் தண்ணீர், தொட்டதும் நுரைக்கும் மெல்லிய தண்ணீர். அது செம்பையும் சீக்கிரம் கரைக்கும், கரைந்தது மீனின் செவுளையும் கடுமையாகத் தாக்கும். உங்கள் வீட்டில் சரியாக இருப்பது அடுத்த வீட்டிலும் சரியாக இருக்கும் என்று ஒருநாளும் நினைக்காதீர்கள்.

மாமியிடம் எதையும் விளக்காமல் அந்தக் குளிக்கிற வாளியைத் தூக்கி வந்து, தவித்த மீன்களை அதற்குள் விட்டேன். 

அடுத்த வேலைதான் கஷ்டம். உயிர் போனால் பாவம் என்று அழுகிறவரிடம், நீங்கள் அக்கறையாகக் கொடுத்த சுத்தமான தண்ணீர்தான் கொன்றது என்று எப்படிச் சொல்வது? குளோரின் மீது பழியைப் போடலாம், ஆனால் நாளைக்கும் அண்டாவிலிருந்துதான் ஊற்றுவார். சார் வரட்டும் என்று காத்திருக்கலாம், ஆனால் அவர் முன்னால் சொன்னால் அந்த அம்மாள் ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். இப்போதே, தனியாக, அவர் கண்ணாலேயே பார்க்கும்படி செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் வீட்டுத் தொட்டிக்காகப் பையில் நத்தைகள் வைத்திருந்தேன். செம்பு என்றால் மீனைவிட நத்தைக்கு இன்னும் ஆகாது. இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கினேன். ஒன்றில் வாளித் தண்ணீர், ஒன்றில் அண்டாத் தண்ணீர். டம்ளருக்கு ஒரு நத்தை.

“நீங்களே பாருங்க மாமி.”

வாளித் தண்ணீரில் இருந்த நத்தை கொம்பை நீட்டிக் கண்ணாடியில் ஏற ஆரம்பித்தது. அண்டாத் தண்ணீரில் இருந்தது கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு ஓட்டுக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. மாமி வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே, விரலை உள்ளே விட்டு இரண்டையும் இடம் மாற்றினார். புழுபூச்சியைக் கண்டால் ஒதுங்குகிற மாமி! ஒடுங்கியிருந்தது மெல்ல வெளியே வந்தது. ஊர்ந்துகொண்டிருந்தது உள்ளே போனது.

“செம்பா?”

“ஆமா மாமி.”

“நாங்க குடிக்கறோமே?”

“மனுசருக்கு ஒண்ணும் பண்ணாது. மீனுக்கு நேரா செவுளத் தாக்கிரும்.”

மாமி நத்தைகள் இரண்டையும் நல்ல தண்ணீரில் சேர்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். “ஒங்க கை இல்ல மாமி. பாத்திரம்” என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த தெளிவை நான் மறக்கவே மாட்டேன். செத்த மீன்களுக்காக அழுதார்தான், ஆனால் அது வேறு அழுகை.

“அவர்கிட்ட நீ சொல்லாதே” என்றார் கடைசியில். சரி என்றேன்.

வடுமாங்காய் போடுகிற பெரிய பீங்கான் ஜாடி ஒன்று காலியாக இருந்தது. உப்பும் காரமும் போகும்வரை தேய்த்து ஊறவைத்து, அதை மீன் தண்ணீருக்கென்று ஒதுக்கினார். அன்றிலிருந்து ஒரு மீனும் சாகவில்லை. நன்றாகத் தேறிய ஒரு ஜோடி, நான் சாய்த்து வைத்த சிலேட்டுத் துண்டில் முட்டையிட்டது. ஏஞ்சல் பெரும்பாலும் தன் முட்டையைத் தானே தின்றுவிடும். இவை தின்னவில்லை. இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக் காவல் காத்தன. குஞ்சுகளுக்கு என்ன தீனி போட்டாய் என்று மாமி கேட்கவில்லை, தாராவிச் சாக்கடை ஓரத்துப் புழுவை நசுக்கிப் போட்டேன் என்று நானும் சொல்லவில்லை.

எல்லாம் சுபம் என்று நான் நினைத்தபோது பாய் வந்து நின்றார். கைராசிப் பெருமை பேசுகிற சார், கூடவே பட்டிக் கதையையும் ரயில் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அதுவே செம்பூர் வரைக்கும் போய்விட்டது.

“ஏய், ஆர்டர் ரெண்டு நின்னு போச்சு. பட்டில குத்தமில்லன்னு ஒனக்குத் தெரியும்லா? சொல்லேன்!”

தெரியும். ஆனால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாமியின் ரகசியம் ஒரு பக்கம், பாயின் பெயர் ஒரு பக்கம். இரண்டையும் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை. நான் செய்தது ஒன்றுதான். மாமியிடம் போய், “மாமி, நான் யார்ட்டயும் சொல்லல. ஆனா அந்த பாய்க்கு வேலை நின்னு போச்சு” என்று மட்டும் சொன்னேன். அவர் ஜாடியை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நவராத்திரி வந்தது. கொலுப்படிக்குப் பக்கத்தில் தொட்டி. விளக்கு வெளிச்சத்தில் தாயும் தகப்பனும் முன்னால் போக, குஞ்சுகள் கூட்டமாகப் பின்னால் போயின. மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்த பெண்கள் பொம்மைகளை விட்டுவிட்டுத் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். சார் வாசலில் நின்று தன் உள்ளங்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்ற வந்த நான் ஒரு ஓரமாக நின்றேன். அப்போது செம்பூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் சொன்னார்:

“மீன் நன்னா இருக்கு. ஆனா அந்தக் குர்லா பாய் தொட்டியில பட்டி விஷமாமே? ஜாக்கிரதை மாமி.”

மாமி கையிலிருந்த சுண்டல் தட்டைக் கீழே வைத்தார்.

“பட்டியும் இல்லே, யார் கைராசியும் இல்லே. என் செப்பு அண்டா. புளி போட்டுத் தேய்ச்சு அதுல வெச்ச ஜலத்தை விட்டு, ரெண்டு ஜீவனை நான்தான் கொன்னேன். தெரியாமப் பண்ணினேன். இப்போ தெரியும். ஜாடில வெக்கறேன், இதோ பொழைச்சு, பெத்து, வளக்கறது.”

செம்பூர் அம்மாளின் முகம் மாறியது. “ஐயோ, நானும் அண்டா ஜலம்தானே விடறேன்!” என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். எங்காத்துலயும் போச்சு, எங்காத்துலயும் போச்சு என்று கணக்குத் தீரவில்லை. மாமி என்னை நடுவில் இழுத்து நிறுத்தினார். “இவர்தான் கண்டுபிடிச்சார். கூப்பிட்டுண்டு போய்க் காட்டுங்கோ.” அன்றுவரை என்னை ‘நீ, வா, போ’ என்றவர், ‘இவர்’ என்றார். அந்த ஒரு சாயங்காலத்தில் எனக்கு மாதுங்காவும் செம்பூரும் கிடைத்தன. நான் கடைக்குத் திரும்பவே இல்லை.

பிறகு மாமி வாசல் பக்கம் திரும்பினார். சார் உள்ளங்கையைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தார்.

“நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? குர்லா போய் அந்த பாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கோ.”

மறுநாள் சாரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பட்டறையில் வெல்டிங் சத்தம் காதைப் பிளந்தது. பாய் கண்ணாடியில் பட்டி தடவிக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பாய், தப்பு என் மேலதான்” என்றார்.

பாய் காதில் கையை வைத்தார். “என்ன சார்?”

“தப்பு என் மேல!”

“கேக்கல சார்.”

சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் பலம் முழுவதையும் திரட்டிக் கத்தினார். “ஒங்க பட்டில ஒரு குத்தமும் இல்லை! தப்பு என் மேல!” சரியாக அந்த நேரத்தில் வெல்டிங்காரர் மெஷினை நிறுத்தியிருந்தார். அடுத்தடுத்த பட்டறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. தெரு முழுக்கக் கேட்டது.

பாய் இப்போதுதான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, சாருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். முதல் தடவையே அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தது என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன்.